மடிப்பக்காவின் கையுறைகள்

மின்சார அலுவலக ஸ்டோரில் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மடிப்பக்கா என்றால்தான் தெரியும். கந்தல் துணியைக்கூட நாலாக மடித்து வைக்கிறவள். லைன்மேன்களின் ரப்பர் கையுறைகளையும் பதினோரு வருடமாக நடுவில் மடித்து, பிசகாமல் அடுக்கி வந்தாள்.

“அக்கா மடிச்சுக் குடுத்தா கண்ண மூடிட்டு மாட்டிக்கலாம்” என்பார்கள். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது. மாட்டுவதற்கு முன் காற்றடைத்து ஓட்டை பார்க்க வேண்டும் என்று ஒரு விதி சுவரில் தொங்கியது. அதை யார் படித்தார்கள்?

அன்று காலை, புதிதாக வந்த இன்ஜினியர் ஒரு ஜோடியை எடுத்து, மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி அமுக்கினார். உஸ்ஸென்று காற்று போயிற்று. மடிப்பை விரித்தார். குதிகால் வெடிப்பு மாதிரி வரிவரியாக வெடித்திருந்தது.

“புதுசு சார் அது! யாரும் மாட்டவே இல்லையே!”

“பக்கத்து ரூம்ல பெரிய சுவிட்சுங்க இருக்கில்ல? அங்க பொறி தட்டுறப்ப ஓசோன்னு ஒரு வாயு வரும். ரப்பர் சும்மா கிடந்தா அவ்வளவா ஒண்ணும் ஆகாது. மடிச்சு இழுபட்டு நின்னா, அந்த இடத்துலயே வெட்டிடும். இத மடிக்கவே கூடாதும்மா.”

அவள் அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்புதான் அதே அடுக்கிலிருந்து லைன்மேனாக இருக்கும் தன் தம்பிக்கு ஒரு ஜோடி கொடுத்திருந்தாள். கரண்ட் ஓடுகிற கம்பியில் வேலை.

“சார், என் தம்பி சார்! கம்பத்துல ஏறிருப்பான் சார்!”

தம்பியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இன்ஜினியர் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி லைனை நிறுத்தினார். நின்றுவிட்டது என்றார்கள். அவள் நம்பவில்லை. ஜீப்பில் போகிற வழியெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் அவள் கண்ணுக்குத் தம்பி கருகித் தொங்கினான். பயத்தில் அவள் விரல்கள் பாட்டுக்கு முந்தானையை மடித்துக்கொண்டிருந்தன. பார்த்ததும் பாம்பைத் தொட்டவளாக உதறினாள்.

தம்பி கம்பத்தடியில் நின்றிருந்தான், கையுறையோடு.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்ற? ஏறப் போனேன், லைன் நின்னுபோச்சு.”

அவள் வலது கையுறையைப் பிடுங்கிச் சுருட்டி அமுக்கினாள். கட்டைவிரல் ஓரத்திலிருந்து காற்று அவன் முகத்தில் அடித்தது. அவன் சிரிப்பு நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உயிரோடு இருக்கிறான், அது போதும் என்றிருந்தது.

அவன் வெடிப்பைத் தடவிப் பார்த்தான்.

“அக்கா... போன வருஷம் என் கூட்டாளி கம்பத்துல செத்துப் போனானே. அவன் அஜாக்கிரதைன்னுதானே எழுதினாங்க?”

அந்த விசாரணைக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

“அவனுக்கு யாருக்கா கிளவுஸ் எடுத்துக் குடுத்தது?”