குளிர்காற்றுக் குழாய்

சவுண்டு என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பிக்கப் வண்டி வைத்திருந்தார். பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளை மேட்டுப் பண்ணைக்கு ஏற்றிப்போவது தொழில். வாரத்துக்கு மூன்று நடை. பெட்டிகளை ஏற்றி இறக்குவது மனைவி. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சும் போகும், நடையும் போகும். அந்த மூன்று நடையில்தான் குடும்பம் ஓடியது.

இதற்குக் குலுங்காமல் ஓடுகிற ஒரு வண்டி போதும். சவுண்டுக்குப் போதவில்லை. முதலில் ஊரை எழுப்பும் ஹாரன் வாங்கினார். பிறகு நீல விளக்கு. பிறகு காற்றைக் கிழிக்கும் என்று பின்னால் ஒரு தகடு. சுமை ஏற்றினால் நாற்பதைத் தாண்டாத வண்டி காற்றைக் கிழித்து என்ன ஆகப்போகிறது என்று மனைவி கேட்டாள். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவர் அவர்.

கடைசியாக வந்தது குளிர்காற்றுக் குழாய். கம்பெனி வைத்த கறுப்புக் காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் குழாயையும் கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டரையும் மாட்டினார். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போகுமாம், இழுவை கூடுமாம்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "பழைய பெட்டி வெளிக்காத்தைத்தானண்ணே இழுத்துச்சு. இது எஞ்சின் பக்கத்துல உக்காந்து சூட்டைக் குடிக்குது. இதுல குளிர் எங்க இருக்கு?"

"சத்தத்தைக் கேளுங்க," என்றார் சவுண்டு.

சத்தம் கூடியது உண்மைதான். வேறு ஒன்றும் கூடவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே சளி பிடித்த எருமை மாதிரி உறுமியது வண்டி. அவருக்கோ வாயெல்லாம் பல்.

அந்த ஃபில்டருக்கு எப்போதாவது லேசாக எண்ணெய் பூச வேண்டும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. அதையெல்லாம் படிக்கிற ஆளா அவர்? ஞாயிறு தவறாமல், கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோல் சொட்டச் சொட்டத் தேய்த்தார். பெற்ற பிள்ளைகளுக்கு ஒருநாள் தலைவாரிவிட்டவர் இல்லை. மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வியாழக்கிழமை, மேட்டுச் சாலையின் பாதியில், வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் நாற்பது பெட்டிகளில் நாலாயிரம் குஞ்சுகள். வெயில் சுள்ளென்று அடித்தது. மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்கள்.

"எண்ணெய் உள்ள போயி, காத்தை அளக்கிற சென்சார்ல அப்பியிருக்கும்ணே. அது தப்பா அளந்தா வண்டி எப்படி ஏறும்? நான் வரணும்னா ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

சவுண்டு பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி தார்ப்பாயைத் தூக்கிவிட்டு அட்டையால் விசிறினாள். கீச்சுக்குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன.

அப்போது கீழேயிருந்து தண்ணீர் கேன் போடுகிறவரின் பழைய பிக்கப் காலியாக ஏறி வந்தது. தகர டப்பா என்று சவுண்டு வாய்க்கு வாய் கேலி செய்த வண்டி. அவள் நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள். பெட்டிகளை மாற்றி ஏற்றிவிட்டு, முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"நீயும் போறியா?" என்றார் சவுண்டு.

"இறக்க ஆள் வேணும்ல."

"நான் மட்டும் இங்க தனியா என்ன பண்றது?"

"சத்தத்தைக் கேட்டுட்டு இருங்க," என்று கதவைச் சாத்தினாள்.

பண்ணையில் திறந்தபோது மூன்று பெட்டிகளில் அசைவே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் பெட்டிகளையும் பார்த்தார், வந்திருந்த வண்டியையும் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வண்டி இனிமே வேண்டாம்மா. இந்த வண்டியே வரட்டும்."

தண்ணீர்க்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஏத்தி இறக்க ஆளில்லையே சார்."

"நான் வரேன்," என்றாள் அவள்.