ஈரம் காயாத முந்நூறு ஜோடி

பெட்டி மடிக்கும் பிரிவில் மூன்று வருடமாக என் எதிரே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் கோட்டிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோட்டிங் வேலையை விட்டு வெகுநாளாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஏன் விட்டாள் என்று யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்வாள். சொல்லும்போது மட்டும் நம் முகத்தைப் பார்க்க மாட்டாள். எனக்குப் பாதி முன்பே தெரியும். மீதியையும் அப்படித்தான், கையிலிருந்த அட்டையைப் பார்த்தபடியே சொன்னாள்.

எங்கள் தொழிற்சாலையில் தயாராவது வெள்ளை ஷூ. மேலே துணி, அடியில் வெள்ளை ரப்பர் சோல். வெயிலும் காற்றும் பட்டால் ரப்பர் பழுத்துப் போகும். கடையின் கண்ணாடி அலமாரியில் சும்மா இருந்தால்கூட மஞ்சளடிக்கும். அதைத் தடுக்கத்தான் கோட்டிங். முதலில் சோலை வெளுப்பு மருந்து போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் அலச வேண்டும். அடுத்து சூட்டறையில் நாற்பது நிமிடம் காய வேண்டும். அதற்கப்புறம்தான் கண்ணுக்கே தெரியாத அந்தப் பூச்சை ஸ்ப்ரே கன்னால் அடிப்பார்கள். ஈரமோ மருந்தோ துளி மிச்சமிருந்தாலும் பூச்சு அதை உள்ளே வைத்து மூடிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் சோல் திட்டுத்திட்டாக மஞ்சளாகிவிடும்.

அக்கா அந்த ஸ்ப்ரே கன்னைப் பதினோரு வருடம் பிடித்தவள். அவள் அடித்த சோலில் ஒரு வழிசல் இருக்காது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர், "விட்டா என் மண்டைக்கும் ஒரு கோட் அடிச்சிடுவா. இருக்கிற நாலு முடியாவது தங்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கணவரின் தங்கை, கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த இரண்டாவது மாதம் அக்காதான் சூப்பர்வைசரிடம் பேசி அவளைச் சோல் கழுவும் வேலையில் சேர்த்துவிட்டாள். நாத்தனார் பயந்த சுபாவம். மூன்று தண்ணீர் என்றால் நான்காவதும் ஊற்றுவாள். இரண்டு பேரும் காலையில் ஒன்றாக பஸ் ஏறுவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

அன்று காலையிலிருந்து சூட்டறையின் காற்றாடி ஓடவில்லை. நாலு மணிக்குத்தான் சரி செய்தார்கள். அதற்குள் முந்நூறு ஜோடி தேங்கிவிட்டது. நாற்பது நிமிடம் முழுதாகக் காயவைத்தால் ஐந்து மணி பஸ் போய்விடும். அடுத்தது ஐந்தரைக்கு வரும். அதில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு சோலைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஜில்லென்று இருந்தது. பதினைந்து நிமிடம் காய்ந்ததுமே எல்லாவற்றையும் வெளியே இழுத்து அடித்து முடித்தாள். ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள். நாத்தனாருக்கும் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அந்த முந்நூறு ஜோடியும் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. பெட்டியைத் திறந்தால் சோல் முழுக்க மஞ்சள் திட்டு, காய்ந்த டீக்கறை மாதிரி. எப்போதும் லென்ஸும் கையுமாகத் திரியும் பரிசோதனை அறைக்காரரை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். அவர் ஒரு சோலின் மேலிருந்து பூச்சைச் சுரண்டி எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"உள்ள ஏதோ மாட்டியிருக்கு. ஒண்ணு சரியா அலசல, இல்லன்னா சரியா காய வைக்கல. யாரு?"

"நான் காய வெச்சேன் சார்" என்றாள் அக்கா. கேள்வி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

பூதக்கண்ணாடி நாத்தனாரின் பக்கம் திரும்பினார். அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள், மருந்து மிச்சம் அங்கே ஒட்டியிருக்கிறதா என்று தேடுவதுபோல. "அலசுனேன்னுதான் நெனைக்கிறேன் சார்" என்றாள். அந்த 'நெனைக்கிறேன்' போதுமானதாகிவிட்டது. மறுநாளே அவளைப் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். சம்பளமும் குறைந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் நாத்தனார் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. நீங்க சொல்லி வாங்கிக் குடுத்த வேலை. உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

"விடு, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று அக்கா அவள் தோளைத் தட்டினாள். 'நான் பொய் சொன்னதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்குவேன், தோளைத் தட்டினேன் பாரு, அதத்தான் தாங்க முடியல' என்று என்னிடம் சொன்னாள்.

திரும்பி வந்த ஷூக்களைத் தொழிற்சாலை ஆட்களுக்கே சும்மா கொடுத்தார்கள். நாத்தனார் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டாள். "என் தப்பு, நானே போட்டுத் தேய்க்கிறேன்" என்றாள். அதற்கப்புறம் எட்டு மாதம், தினமும் பஸ் நிறுத்தம் வரை அந்த மஞ்சள் திட்டுகள் அக்காவுக்கு முன்னால் நடந்து போயின. அக்கா வேகமாக நடந்து முந்திப் பார்த்தாள். அப்போது பின்னாலிருந்து அந்த ஷூவின் சத்தம் கேட்டது. அப்புறம் எதிர்ச்சாரியில் நடந்தாள். 'கால் வலிக்குது, நீ போ' என்று சாக்குச் சொல்லி அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். எந்தப் பஸ்ஸுக்குப் பயந்து அந்தக் காரியத்தைச் செய்தாளோ அதிலேயே.

வீட்டில் நாத்தனாருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. டம்ளரைக் கழுவினால் நான்கு தடவை அலசுவாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் அலசுவாள். ஒரு விடுமுறை நாள் மதியம் அவள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேலி செய்தார்.

"இதுல பாதி அங்க அலசியிருந்தா, இங்க இவ்ளோ தண்ணி செலவாகாதே!"

நாத்தனாரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அக்கா கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"அவ சரியாத்தான் அலசுனா. நான்தான் காய வைக்கல."

கணவர் இதையும் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். யாரும் சேர்ந்து சிரிக்காததால் பாதியில் நிறுத்தினார். நாத்தனார் குழாயை மூடினாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும்."

"நான் வந்து மன்னிப்புக் கேட்டேனே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"எதுக்கு அண்ணி அப்படிப் பண்ணீங்க?"

அக்கா பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் துழாவினாள். உடம்பு சரியில்லை, வீட்டில் அவசரம், எதுவும் இல்லை. "பஸ்ல சீட்டு கெடைக்கும்னு" என்றாள். சொன்னபோதுதான் அது எவ்வளவு அற்பம் என்று அவளுக்கே முழுதாகக் கேட்டது.

நாத்தனார் கத்தவில்லை, அழவில்லை. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சூப்பர்வைசர் ரூம்ல போய் குசுகுசுன்னு இல்ல. சாப்பாட்டு ஹால்ல" என்றாள். கணவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நானும் அந்த ஹாலில் இருந்தேன். அக்கா எழுந்து நின்று என்னவோ சொன்னாள். இருநூறு டப்பாக்களின் சத்தத்தில் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், பிறந்தநாள் விஷயம் ஏதோ என்று நினைத்து, "கேக்கலக்கா, சத்தமா சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தார். அதனால் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இந்தத் தடவை ஹால் அமைதியாகிவிட்டது. காதுமடல் சிவந்து, கழுத்து சிவந்து, நின்ற இடத்திலேயே அவள் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன். பூதக்கண்ணாடி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "தப்பான ஆள மாத்திட்டேன்மா" என்று நாத்தனாரிடம் போய்ச் சொன்னார்.

வேலையை விட்டு அனுப்பாமல் அக்காவைப் பெட்டி மடிக்கப் போட்டார்கள். பழைய ஆள் என்று இரக்கம். நாத்தனார் கழுவும் வேலைக்குத் திரும்பினாள். ஒரு வருடத்தில் ஸ்ப்ரே கன் அவள் கைக்கு வந்தது. சம்பளம் கூடியதும் முதல் வேலையாகத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை இல்லை. நல்ல நாள் கெட்ட நாளில் வருவாள், உட்காருவாள், போய்விடுவாள். அக்காவின் கணவர் இப்போது மனைவியைப் பற்றி யாரிடமும் கேலி பேசுவதில்லை. அதுதான் வீட்டில் பெரிய தண்டனை என்கிறாள் அக்கா.

போன வாரம் எங்கள் பிரிவில் அட்டை எடுத்துப் போக நாத்தனாரே வந்தாள். வழக்கமாக வேறு யாரையாவது அனுப்புவாள். அக்கா அவளைப் பார்த்ததும் மேலதிகாரி வந்ததுபோல் சட்டென்று எழுந்து நின்றாள்.

"அண்ணனுக்கு முதுகுவலி எப்படி இருக்கு?"

"பரவால்ல. தைலம் தேச்சுக்கறாரு. உன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு."

"ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லுங்க." அட்டைக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாத்தனார் வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். "உக்காருங்க, எதுக்கு நிக்கிறீங்க?"

அக்கா சரியென்று தலையாட்டினாள். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேதான் இருந்தாள்.