ஆபரேஷன் காலையில் என் மகள் சாப்பிட்ட இட்லி

என் மகள் ஜெயராணிக்கு முதல் பிரசவமே ஆபரேஷன். ஒரு பகல் முழுக்க வலியில் துடித்து, கடைசியில் அவசர அவசரமாக வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். இரத்தம் நிறையப் போய்விட்டது. மூன்று நாள் எங்களை அடையாளம் தெரியாமல் கிடந்தாள்.

நாலு வருடம் கழித்து, 2006-ல், மறுபடி உண்டானாள். வீட்டில் யாருக்கும் சந்தோஷப்படத் தைரியம் இல்லை.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். "இதுவும் ஆபரேஷன்தான். வலி வந்தா பழைய தையல் விட்டுப்போகலாம். அதுக்கு முன்னாலயே நாள் குறிச்சு எடுத்துருவோம்."

என்னைப் பற்றி வெளியூர்ச் சபையாருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சின்ன வயதிலேயே பட்டாசுக்குத் திரி ஒட்ட உட்கார்ந்தேன். இன்று விஸ்வநத்தத்தில் சொந்தப் பட்டாசுக் கம்பெனி. எந்த அப்பனும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போனதில்லை. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு உயிர்கூடப் போனதில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனை முதலாளிகள் இப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியும்?

அதற்கு நான் போட்ட சட்டம் ஒன்று காரணம். வெறும் வயிற்றோடு ஒருவனும் வெடிமருந்து கலக்கும் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பசி மயக்கத்தில் கை தவறினால் அறையே போய்விடும். காலையில் நானே கேட்டில் நின்று, "சாப்பிட்டியாலே?" என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். இல்லை என்றால் இட்லி வாங்கிக் கொடுத்த பிறகுதான் உள்ளே விடுவேன்.

அந்தச் சட்டத்தை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுதான் இந்தச் சாட்சி.

முந்தின நாள் சாயங்காலம் மகளைச் சேர்த்தோம். இரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். மருமகன் கையெழுத்துப் போட்டார். மயக்க டாக்டர் வந்து என் மகளிடம் பக்குவமாகச் சொன்னார். முதுகில் ஊசி போடுவோம், இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், நீ முழித்துக்கொண்டுதான் இருப்பாய், இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், வலி தெரியாது, பிள்ளை அழுவதைக் கேட்கலாம் என்றார். சிஸ்டர் எங்களிடம், "ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் குடுக்காதீக. காலையில பச்சத் தண்ணியும் ஆகாது" என்றது. நானும் தலையாட்டினேன்.

மற்றவர்கள் வெளியே போனபோது மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மூத்தவள நீங்களே வளங்க. அவுகளால ஒத்தையில முடியாது." "பேசாமப் படு தாயி" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

விடிந்தது. எட்டு மணிக்கு ஆபரேஷன். என் வீட்டுக்காரி குளிக்கப் போயிருந்தாள். மருமகன் மருந்துக்கடையில் நின்றார். மகள் வெளுத்துப்போய், "தலை கிறுகிறுங்குதுப்பா" என்றாள். எனக்கு மனம் தாங்கவில்லை. எதிர்க்கடையில் இட்லியும் பாலும் வாங்கி வந்தேன்.

"சாப்பிடக் கூடாதுன்னாகளேப்பா."

"முதுகுல போடுற ஊசிக்கும் வயித்துக்கும் என்ன தாயி சம்பந்தம்? வெறும் வயித்தோட போனா தாங்க மாட்ட. அப்பா எம்புட்டுப் பேரப் பாத்திருக்கேன்."

என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. சாப்பிட்டாள்.

ஏழரை மணிக்கு மயக்க டாக்டர் வந்து, ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இல்ல டாக்டர்" என்றாள். என் மானத்தைக் காப்பாற்றினாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டு போய்விட்டார்கள்.

நான் வராந்தாவில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வேறொரு அம்மா, தன் மகளுக்குத் தாகம், ஒரு வாய் காப்பி கொடுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதட்டியது. "வேண்டாம்மா. ஊசி பத்தாமப் போனா முழு மயக்கம் குடுக்க வேண்டி வரும். அப்ப வயித்துல கிடக்கிறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிட்டா, மூச்சு நின்னுரும். ஆளக் காப்பாத்துறது கஷ்டம்."

நான் கொடுத்த இட்லி என் மகள் வயிற்றில் கிடந்தது.

சபையில் நான் ஜெபிக்க எழுந்தால் மைக் வேண்டாம், தெரு முனை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு மண்டியிட்டேன், ஒரு வார்த்தை வரவில்லை. 'ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாற்றும்' என்று தொடங்குவேன், இட்லிதான் கண் முன்னால் நிற்கும். போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் ஆபரேஷனுக்காக வந்த சம்பந்தி அங்கே இருக்கிறார், ஜெபிக்க வந்த பாஸ்டர் இருக்கிறார். நான் தப்பு செய்தேன் என்று யாரிடமும் ஒரு நாளும் சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போது அழுதே விட்டேன். 'ஆண்டவரே, என்னால் சொல்ல முடியவில்லை. நீர் என்னைச் சொல்ல வையும்.'

என் ஜெபமெல்லாம் அவ்வளவுதான். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இரண்டு கையாலும் தியேட்டர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார்.

"நான்தான் இட்லி குடுத்தேன். ஆறு மணிக்கு. ரெண்டு."

"ரெண்டுதானா?"

"நாலு. ஒரு டம்ளர் பாலும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஊசி இன்னும் போடல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆபரேஷனை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

என் வீட்டுக்காரி என் பக்கமே திரும்பவில்லை. சம்பந்திதான் வாயைத் திறந்தார். "ஏன் சம்பந்தி, இங்கனயும் கேட்டுல நின்னுட்டீகளோ?" வேறு நாளாக இருந்தால் சண்டையாகியிருக்கும். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பயம் அதோடு முடியவில்லை. பதினொரு மணிக்கு மகளுக்கு இடுப்பு லேசாக வலிக்க ஆரம்பித்தது. பழைய தையல் விட்டுப்போகுமோ, வயிறு காலியாவதற்குள் வலி முற்றுமோ. சிஸ்டர் நிமிடத்துக்கொரு தரம் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் என் உயிர் போய் வந்தது. பாஸ்டர் என் தோளில் கை வைத்து ஜெபித்தார். அவரோடு சேர்ந்து ஆமென் சொல்லத்தான் எனக்குத் தெம்பிருந்தது.

இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். முக்கால் மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மணி நேரமாயிற்று. இடையில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. மகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் டாக்டரம்மா வந்தார். "பொம்பளப் பிள்ளை. தாயும் நல்லா இருக்கா" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பழைய காயத்துல உள்ள எல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு. பிரிச்சு எடுக்க நேரமாயிருச்சு. ஊசியோட மரப்பு பத்தல. பாதியில முழு மயக்கம் குடுத்துட்டோம். காலையில நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா..." நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அற்புதம் என்றால் வானத்திலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது என் வாயிலேயே வந்தது. என் கம்பெனியை நான் காத்தேன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டேனே, அதையும் காத்தது யார் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் தையல் வலியோடு சிஸ்டர் அவளைப் பிடித்து நடக்க வைத்தது. முதலில் கஞ்சித் தண்ணீர்தான் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் நான் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே போனேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"சிஸ்டர்கிட்டக் கேட்டீகளாப்பா?"

பொட்டலத்தைப் பிரிக்காமல் திரும்பிப் போய், சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இரண்டாவது தடவை அந்த ஆபரேஷன் மேசைக்குப் போகலாம். பயம் இருக்கும், எனக்கும் இருந்தது. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். தவறிவிட்டீர்களா, மறைக்காதீர்கள். சொல்லத் தைரியம் இல்லையென்றால் அந்தத் தைரியத்தையே ஆண்டவரிடம் கேளுங்கள். இந்த முரட்டு வாயையே திறந்தவர், உங்கள் வாயையும் திறப்பார்.