துண்டு போட்டவனின் தலைமைப் பண்பு

ஒரு நிறுவனத்தில் துணைத் தலைவராக இருக்கிறேன். மேடையேறினால் தவறாமல் சொல்லும் கதை ஒன்று என்னிடம் உண்டு.

பதினேழு வயதில், ஓர் அமாவாசை சாயங்காலம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு முண்டியடித்த கூட்டத்தைக் கயிறு கட்டி வரிசையில் நிறுத்தி, கைக்குழந்தையோடு நின்றவர்களை முதலில் ஏற்றிவிட்டேன். தலைமை என்றால் என்னவென்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அரங்கம் கைதட்டும்.

இன்று செஞ்சி கடைவீதியில் தேங்காய் வாங்க நின்றேன். கடைக்காரி, என்னோடு பிளஸ் டூ படித்த செல்வி.

“உன் வீடியோ பாத்தேன். நல்லாத்தான் பேசுற. ஆனா கயிறு கட்டுனது நீயா?”

கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தேன்.

“எங்க நைனா கடையிலேர்ந்து கயித்த எடுத்தாந்து கட்டுனது நானு. நீ இன்னா பண்ண? ஜன்னல் வழியா துண்டப் போட்டு, சீட்டு புடிச்சி குந்திக்கின.”

பச்சைத் துண்டு. நிறம்கூட ஞாபகம் வந்தது.

முதல் தடவை, ஒரு வேலைக்கான இன்டர்வியூவில், பொய் என்று தெரிந்தேதான் அந்தக் கதையைச் சொன்னேன். போகப்போக நானே நம்பிவிட்டேன்.

“தப்புதான் செல்வி.”

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? மைக்க புடிச்சி சொல்லு” என்றவள், அடுத்த ஆளுக்குத் தேங்காயைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

மைக் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். அதற்குள் தைரியம் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கதைக்குக் கைதட்டியவர்கள் கமென்டில் கையைத் தூக்குங்கள். செல்வி எண்ணிப் பார்ப்பாள்.