மஞ்சள் தடவிய கவர்கள்

தபால் பிரிப்பவனுக்குக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க உரிமை கிடையாது. வெளியே தெரிவதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தபால் ஆபீஸில் அந்த வேலையைப் பார்த்தேன். நாற்பது அறைகள் வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. காலையில் பை வந்ததும் தெருவாரியாகப் பிரித்து அறைகளில் போட வேண்டும். போஸ்ட்மேன் மாடசாமி எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். கேட்காத காகிதம் வாசலில் வந்து விழும் வீடுகளில்தான் நீங்களும் வசிக்கிறீர்கள். அனுப்பியவனையும் கொண்டுவந்தவனையும் திட்டியிருப்பீர்கள். நடுவில் நின்று பிரித்தவன் பட்ட பாடு இது.

ஒன்பது கட்டம்

பத்திரிகைகளின் பின்னட்டையில் அந்த விளம்பரம் வரும். ஒன்பது கட்டம், எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வர வேண்டும், சரியாக எழுதினால் டிரான்சிஸ்டர் பரிசு. பால்வாடியில் டீச்சராக இருந்த பார்வதி எழுதிப் போட்டாள். வெற்றி பெற்றதாகக் கடிதம் வந்தது. பின்னால் வி.பி.பி. பார்சலும் வந்தது. பணம் கட்டி எடுத்து, எங்கள் கவுண்ட்டரிலேயே பிரித்தாள். ரேடியோ மாதிரி வர்ணம் அடித்த தகரப் பெட்டி. ஆட்டினால் கிலுகிலு என்றது. "பால்வாடிக்கு ஆச்சு சார்" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு முடியவில்லை. அவள் விலாசம் ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும். நவரத்தின மோதிரம், கூந்தல் தைலம், தபாலில் தையல் பயிற்சி என்று தினம் நான்கைந்து கவர் வந்தது. ஒருநாள் ஆண்களுக்கான ரகசிய வைத்தியம் பற்றி எட்டுப் பக்கப் புத்தகம் வந்தது. அவள் அப்பா கையில்தான் கிடைத்தது. அவர் ஓய்வுபெற்ற கோர்ட் அமீனா. மகளுக்கு இருபத்தெட்டு வயது, தாயில்லாத பெண், ஜாதகம் நான்கு ஊருக்குப் போயிருந்த நேரம். கையெழுத்துப் போட்ட ஒரு தாளோடு வந்து என் முன்னால் நின்றார்.

"சம்மன வாங்க மாட்டேன்னு சொன்னவன்கிட்ட எல்லாம் முப்பது வருஷம் மல்லுக்கு நின்னவன் தம்பி நான். இப்ப என் முறை. அச்சடிச்ச கவர் எது வந்தாலும், 'மறுக்கப்பட்டது'ன்னு எழுதித் திருப்பிருங்க."

பன்னிரண்டு கார்டு

பெட்டியின் கடைசி வரிசையில் ஓர் அறையைக் காலி செய்து, 'வேண்டாதவை' என்று சீட்டு ஒட்டினேன். அமீனா வீட்டுக்கு என்று ஆரம்பித்தது. அப்புறம் தெருவில் பாதிப்பேர் எழுதிக் கொடுத்தார்கள். எந்த வீட்டுக்கு எது கூடாது என்று ஒரு பட்டியல் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டேன்.

சாமி பெயரில் வரும் கார்டுகளுக்கு அது பற்றவில்லை. கையால் எழுதியவை. படித்தவர் பன்னிரண்டு பேருக்கு எழுதினால் நல்லது நடக்கும், எழுதாவிட்டால் வீட்டில் விபரீதம். கார்டு ஆனதால் கண்ணில் படாமல் இருக்காது. அதற்கும் ஒரு விதி வைத்தேன்: முதல் மூன்று வரியும் சாமி பெயர், நலம் விசாரிப்பு இல்லை என்றால் கடைசி அறை. அப்படிப் போட்ட ஒன்று எங்கள் போஸ்ட்மாஸ்டர் பெயருக்கு வந்தது. ஜோசியத்தைக் கேலி செய்கிறவர். அன்று மத்தியானம் அந்த அறையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு போய் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கள் தபால் பெட்டியைத் திறந்தால் அவர் கையெழுத்தில் பன்னிரண்டு கார்டு. ஒன்று அமீனாவுக்கு, ஒன்று எனக்கு. கார்டும் கையுமாகப் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"நம்பிக்கை ஒண்ணும் கிடையாதுவே. மகளுக்கு இது பேறுகால மாசம். பன்னிரண்டு கார்டுதான, கை ஒடிஞ்சா போவுது?"

கருப்பு மூலை

சாவுச் செய்தி என்றால் கடிதத்தின் மூலையில் கருப்பு மை தடவுவார்கள், நல்ல செய்திக்கு மஞ்சள். உங்களுக்குத் தெரிந்ததுதான். சீசன் நாளில் சாரல் பட்டு எங்கள் பையும் மேஜையும் நமுத்துக் கிடக்கும். முத்திரை மை உலராது. அப்படி ஒருநாள் என் கட்டைவிரல் மை ஒரு இன்லேண்ட் கவரின் மூலையில் நன்றாக அப்பிவிட்டது. அருவியில் குளிக்க வந்து வீடு எடுத்துத் தங்கியிருந்த குடும்பத்துக்கு வந்த கடிதம். மாடசாமி கொண்டுபோய்க் கொடுத்த மாத்திரத்தில் அழுகைச் சத்தம். ஈரத் துணிகளை மூட்டை கட்டி, வண்டி பேசி, கிளம்பும்போதுதான் யாரோ கவரைப் பிரித்திருக்கிறார்கள். பசு கன்று போட்டிருந்தது. அந்த வீட்டு அம்மாள் முகம் வீங்கிப்போய் ஆபீசுக்கே வந்துவிட்டாள். பிரித்துப் பார்த்துவிட்டு அழுதிருக்கலாமே என்றேன், தப்பித்துக்கொள்ள.

"பிரிச்சுப் பாத்துட்டா அழுவாங்க? அப்ப மூலையில எதுக்கு மை தடவுதாங்க?"

இரண்டு நிமிஷம்

மஞ்சள் மூலைக் கவரை யாரும் மறுப்பதில்லை என்று வியாபாரிகளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி விலைப்பட்டியல் அனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்கும் முதலில் பிடிபடவில்லை. மஞ்சள் கண்டதும் அச்சடித்த கவரானாலும் தெருவின் அறையில் போட்டுவிடுவேன்.

அந்த ஆவணியில் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து பார்வதியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்களாம். பார்வதி ஆபீசுக்கு வருவது நின்றது. மாடசாமியின் சைக்கிள் மணிக்கு மட்டும் வாசலுக்கு வருவாளாம். ஒருநாள் மஞ்சள் கவர் ஒன்று போயிற்று. அமீனா அதைப் பிரிக்காமல் சாமி படத்தின் முன்னால் வைத்து விளக்கேற்றச் சொல்லியிருக்கிறார். பிறகு பிரித்தால், தீபாவளித் தள்ளுபடி விலையில் சேலைகள். மறுநாள் கவுண்ட்டருக்கு வந்தார். தாளில் ஒரு வரி சேர்த்தார்: மஞ்சள் தடவினாலும், அச்சிட்ட கவர் வேண்டாம். அப்பா கையெழுத்துப் போடும் வரை பார்வதி பின்னால் நின்றாள். அவர் படியிறங்கிய பிறகு சிரித்தமாதிரி சொன்னாள்.

"எங்க வீட்டுல நேத்து ரெண்டு நிமிஷம் கல்யாணக்களை இருந்துது சார்."

உரக்கடைக் கவர்

பட்டியலில் நானும் ஒரு விதியைச் சேர்த்தேன். அச்சும் மஞ்சளும் சேர்ந்திருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. ஐப்பசியில் மழையோடு அந்தக் கவர்கள் குவிந்தன. ஒரே மூச்சில் பத்துப் பதினைந்தில் 'மறுக்கப்பட்டது' என்று எழுதிக் கட்டிவிடுவேன். வாசுதேவநல்லூரிலிருந்து கடிதம் வரவில்லை. பெண் வீட்டார் வலியப் போய்க் கேட்பது வழக்கமில்லை. தரகர் போய் விசாரித்ததற்கு, அந்த வீட்டுப் பேச்சையே எடுக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அமீனா வெளியே வருவது குறைந்தது. பார்வதி பால்வாடிக்குக் குளக்கரை வழியாகச் சுற்றிப் போவதாக மாடசாமி சொன்னார்.

அடுத்த ஆனியில் நல்ல சாரல். குற்றாலத்துக்குப் போகிற வழியில் ஒரு வேன் ஆபீஸ் முன்னால் நின்றது. பெரியவர் ஒருவர் இறங்கிவந்து கார்டு வாங்கினார். வேனில் மகனும் புது மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். சில்லறைக்குக் காத்திருந்தவர், இங்கே ஓர் அமீனா இருக்கிறாரே, சௌக்கியமா என்று கேட்டார். தெரிந்தவரா என்றேன். வாசுதேவநல்லூரில் உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று, கடைப் பெயர் அச்சடித்த கவரில்தான், அவரே எழுதி மஞ்சள் தடவி அனுப்பியிருக்கிறார். அது ஒரே வாரத்தில் திரும்பி வந்திருக்கிறது. மேலே 'மறுக்கப்பட்டது' என்று இருந்ததாம்; நான் எழுதியது. வேனில் ஹாரன் அடித்தார்கள். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வரி எழுதலாம்லா? மஞ்ச தடவி அனுப்பினத மறுத்து எழுதுததுக்கு, நாங்க அப்படி என்ன பாவம் செஞ்சோம்?"

சார்வு

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நான்காம் நாள் அமீனா வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பார்வதி கதவோரம் நின்றாள். உரக்கடை, கவர், தை மாசம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், மேலிடத்துக்கு எழுதிப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, சம்மனைச் சேர்ப்பதைச் 'சார்வு' என்கிற கோர்ட் தோரணையில், "நான் எழுதிக் குடுத்தேன், நீங்க சார்வு செஞ்சீங்க. சட்டப்படி உங்க மேல தப்புச் சொல்ல முடியாது" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

பார்வதி காப்பி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"புடிச்சிருக்குன்னுதான எழுதியிருந்தாங்க சார்? என்னயப் பாத்துட்டுப் பிடிக்காமப் போச்சுன்னு இவ்வளவு நாளும் கண்ணாடியே பாக்காம இருந்துட்டேன்."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் காகிதம் எதையும் கடைசி வரி வரை படிக்காமல் கீழே வைப்பதில்லை. இன்றுவரை அதில் ஒன்றுகூட எனக்கென்று எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.