பெரிய வளவுக்கு ஒரு புல்லு மெசின்

எங்கட ஊர்ல ஊட்டச் சுத்தியிருக்கிற வளவுல புல்லு மொளச்சிக் கிடந்தா அந்த ஊட்டுல பொம்புள இல்ல எண்டு அர்த்தம். கல்முனைக் கடற்கரைப் பக்கம் எல்லாம் மணல் வளவுதானே. விடியச் சுபஹு தொழுத கையோட விளக்குமாத்த எடுத்து, கோடு கோடாத் தெரியிற அளவுக்கு மணலக் கூட்டி வைக்கிறதுதான் எங்களுக்கு அழகு. ஒரு புல்லுத் தலை காட்டினாலும் உம்மா குனிஞ்சி புடுங்கிப் போட்டுட்டுத்தான் மத்த வேலையப் பார்ப்பா. அப்பிடிப்பட்ட ஊருக்கு, புல்லு வெட்டுறதுக்கெண்டு பெற்றோல்ல ஓடுற மெசின் ஒண்டத் தெரிஞ்சி எடுத்துக் குடுத்தவள் நான். அத நினைச்சா இண்டைக்கும் எனக்கு வயிறு எரியும்.

எங்கட பக்கத்துல பொம்புளப் புள்ளைக்குத்தான் வளவும் ஊடும். கலியாணம் முடிச்சா மாப்புளதான் பொம்புள ஊட்டுக்கு வந்து இருப்பார். வாப்பாக்கு மூத்தவ ராத்தாவும் நானும் ரெண்டே புள்ளைகள். அவருக்கிட்ட பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வளவு இருந்திச்சி. ஒவ்வொண்டும் இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், நடுவுல தென்னங்கிடுகு வேலி. நாங்க இருந்த முதல் வளவுல புது ஊடு கட்டி ராத்தாவக் கலியாணம் முடிச்சிக் குடுத்தார். உம்மா, வாப்பா, நான் எல்லாரும் அதே ஊட்டுலதான் இருந்தம். வேலிக்கு அங்கால கிடந்தது எனக்கு. காணி உறுதி எழுதல்ல, வாய்ச்சொல்லுத்தான். ஆனா நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து எல்லாரும் அதைச் சின்னவட வளவு எண்டுதான் சொல்லுவாங்க.

எனக்கு ஆங்கில ஆசிரியை நியமனம் கிடைச்ச கிழமை வாப்பா என்னை அதுக்குள்ள கூட்டிட்டுப் போனார். செருப்பக் கழட்டிட்டு, காலால மணல்ல கோடு கிழிச்சி, "இதுல விறாந்தை வரும், இதுல நீ சமைக்கிற குசினி வரும்" எண்டு காட்டினார். குசினி ஜன்னல் கடல் பக்கம் வேணும் எண்டு கேட்டன். "ஓம் மகள், வச்சாப் போச்சு" எண்டார். அந்த ஊடு எழும்பினாத்தான் எனக்குக் கலியாணம். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ராத்தாட மாப்புள, என்ட மச்சான், சவூதியில நாலு வருசம் இருந்திட்டு எழுபதுகள்ர கடைசியில திரும்பி வந்தார். அங்க ஒரு கொம்பனியில வெள்ளைக்காரர் குடியிருக்கிற இடத்துல தோட்ட வேலை பார்த்தவர். பாலைவனத்துல பச்சைப் புல்லு வளர்த்த மனுசன் நான், என்ட ஊட்டு வாசல்ல வளர்க்க ஏலாதா எண்டு நிண்டார். வயல் மண்ண ட்ரெக்டர்ல ஏத்திக் கொண்டு வந்து, உம்மா முப்பது வருசமாக் கூட்டின மணலுக்கு மேல கொட்டி, புல்லுப் பதிச்சார். பக்கத்து ஊட்டுப் பொம்புளைகள் வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, "என்ன கா, ஆடு வாங்கப் போறீங்களா?" எண்டு கேட்டாங்க. உம்மாக்கு வெக்கம் தாங்கல்ல. கொஞ்ச நாள் முன்வாசலாலயே போகாம இருந்தா.

மாரி மழை புடிச்ச உடனே புல்லு மளமளவெண்டு வளர்ந்திட்டு. வெள்ளாமை வெட்டுற ரெண்டு பேரக் கூப்பிட்டு வெட்ட உட்டார். அவங்க தாக்கத்தியால அறுத்து முடிக்கக்குள்ள, பாதியில எழும்பி ஓடின புள்ளைட மொட்டை மாதிரி ஆயிட்டு வளவு. சிரிச்சிச் சிரிச்சி எனக்கு வயிறு நொந்திச்சி. மச்சான் சிரிக்கல்ல. கொழும்புல ஒரு கடைக்கு எழுதிப் போட்டு, புல்லு வெட்டுற மெசினுகள்ர படப் புத்தகம் ஒண்ட எடுப்பிச்சார். எல்லாம் இங்கிலீசு. ஊட்டுல இங்கிலீசு வாசிக்கத் தெரிஞ்சவள் நான் ஒருத்திதான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு சாப்பாட்டு மேசையில வச்சி வாசிச்சன். ராத்தா பக்கத்துல உக்காந்து தூளுக்கு இடிக்கிற கொச்சிக்காய்க்குக் காம்பு கிள்ளிட்டு இருந்தா. மூணு வகை போட்டிருந்திச்சி. முதலாவது கையால தள்ளுறது, சின்னத் தோட்டத்துக்கு. ரெண்டாவது பெற்றோல், ஆனா பெற்றோலுக்குள்ள எண்ணெய் கலந்து ஊத்தோணும், அளவு பிழைச்சா புகைஞ்சி நிண்டுரும். மூணாவதும் பெற்றோல், என்ஜினுக்கு எண்ணெய் வேறயா ஊத்துற சாதி. பிளேட் பதினெட்டு அங்குலம், பின்னால உருளுற சில்லு ரெண்டும் பெருசு, வெட்டுற புல்லப் புடிக்கிறதுக்குப் பின்னால ஒரு பையும் இருந்திச்சி. கால் ஏக்கரும் அதுக்கு மேலயும் உள்ள பெரிய தோட்டத்துக்கு எண்டு போட்டிருந்தான். எங்கட ஊர்ல தோட்டம் எண்டா கத்தரியும் வெண்டியும்தானே, அதனால நான் பெரிய வளவுக்கு எண்டு தமிழ்ல சொன்னன்.

"பெரிய வளவு" எண்டு மச்சான் திருப்பிச் சொன்னார். வாயில சீனி போட்ட மாதிரி இருந்திச்சி அவர்ர முகம்.

"உங்களுக்குக் கையால தள்ளுறதே தாராளமாக் காணும் மச்சான்" எண்டன். "இருபது பேர்ச்சுல ஊட்டையும் கிணத்தையும் கழிச்சிப் பாருங்க, என்ன மிஞ்சும்?" அவர் நம்பல்ல எண்டு நினைச்சி, கயிறு எடுத்துட்டு வெளியில இறங்கினன். ராத்தா ஒரு நுனியப் புடிச்சா, நான் மத்த நுனியப் புடிச்சன். வேலி வரைக்கும் அளந்தம். வேலியடியில வந்த உடனே ராத்தா கயித்த உட்டுட்டா. "அளந்தது காணும் கா, வெயில் சுடுகுது" எண்டா. வெயில் அந்த நேரம் சாஞ்சி கிடந்திச்சி.

உள்ளுக்கு வந்து கடைக்கு அனுப்புற படிவத்த நிரப்பினன். புல்லுத் தரை எவ்வளவு எண்டு ஒரு கேள்வி.

"நாப்பது பேர்ச் எண்டு போடு" எண்டார் மச்சான்.

சவூதிக்குப் போய் வந்தவருக்குக் கணக்கும் பெருசாயிட்டு எண்டு பகிடி பண்ணினன். ராத்தாவப் பார்த்துச் சிரிச்சன். அவ கொச்சிக்காய்ச் சுளகுல இருந்து தலைய எடுக்கல்ல. "மச்சான் சொல்றத எழுதன் கா" எண்டா. எழுதினன். வடிவான எழுத்துல, நாப்பது பேர்ச் எண்டு. பெற்றோல் மெசின்தான் வேணுமெண்டா மூணாவது மெசினுக்குத்தான் சில்லு பெருசு, மணல்ல புதையாது, அதையே எடுங்க எண்டும் நான்தான் சொன்னன். என்ட புத்திசாலித்தனத்துல எனக்கே ஒரு பெருமை.

மெசின் லொறியில வந்து இறங்கி ரெண்டாம் நாள். பள்ளிக்கூடம் உட்டு ஊட்டுக்குப் போற ஒழுங்கைக்குள்ள வரக்குள்ளயே சத்தம் கேட்டிச்சி. ஊருச் சனம் முழுக்கத் தெரு மதில்ல தொங்கிட்டு நிண்டிச்சி. வாசல் கடப்புக்குள்ள கால வச்சிட்டுப் பார்க்கிறன், நடுவுல இருந்த கிடுகு வேலியக் காணல்ல. கம்பெல்லாம் கட்டாக் கட்டிக் கிணத்தடியில கிடக்கு. மச்சான் மெசினத் தள்ளிட்டுப் போறார், ராத்தாட வளவுல இருந்து நேர, இன்னும் புல்லே இல்லாத என்ட வளவுக்குள்ள. வாப்பா குசினி எண்டு கோடு கிழிச்ச இடத்தால போய்த் திரும்பினார். அங்கயும் புல்லுப் பதிக்கிறதுக்கு வயல் மண் குவிச்சிக் கிடந்திச்சி.

வாப்பாவத் தேடிப் போனன். விறாந்தைக் கதிரையில இருந்தார், என்ட முகத்தப் பார்க்கல்ல.

"வாப்பா, அது ஆர்ர வளவு?"

"உறுதி எழுதியாச்சி மகள். போன மாசமே எழுதியாச்சி. மூத்தவட மாப்புள கேட்டா இல்லெண்டு சொல்ல ஏலுமா? தரல்ல எண்டா திரும்பச் சவூதிக்கே போயிருவன், வரமாட்டன் எண்டான்."

"அப்ப நான்?"

"உனக்கு உத்தியோகம் இரிக்கே. வயலடியில பள்ளக் காணி ஒண்டு கிடக்கு, அதத் தாறன்."

போன மாசமே. அப்ப நான் கயிறு புடிச்சி அளக்கக்குள்ள உறுதியில மை காஞ்சிட்டு. உம்மாக்குத் தெரியும், ராத்தாக்குத் தெரியும், மேசையச் சுத்தி இருந்த எல்லாருக்கும் தெரியும். வேலிய உடைச்சி ரெண்டு வளவையும் ஒண்டாக்கினாத்தான் தேவைப்படுற மெசின, வளவப் பறிகுடுத்த என்னையே தெரிஞ்சி எடுக்க வச்சிருக்காங்க. வளவு போனது ஒரு பக்கம். நான் பகிடி பண்ணிச் சிரிக்கக்குள்ள அவங்க எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்களே, அதுதான் என்னை அறுத்திச்சி. அண்டைக்கு நான் அழல்ல. 

அந்த வருசமே ஒரு மாப்புள ஊட்டாக்கள் என்னைப் பார்க்க வந்து போனாங்க. பள்ளக் காணியக் காட்டினம். மாரியில முழங்கால் அளவு தண்ணி நிக்கிற இடம். "பொறகு வாறம்" எண்டுட்டுப் போனாங்க.

மெசின்ட விசயம் இன்னும் முடியல்ல. ஒருநாள் ராத்தா அந்த மெசினோட வந்த இங்கிலீசுப் புத்தகத்தக் கையில வச்சிட்டு என்ட அறை வாசல்ல வந்து நிண்டா. வயல்ல தண்ணி இறைக்கிற மெசினுகள் பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி, மறுகா மண்ணெண்ணெயில ஓடும். அது எங்கட பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். இதையும் அப்பிடி ஓட்டலாமா எண்டு மச்சான் கேட்டு வரச் சொன்னாராம்.

புத்தகத்த வாங்கினன். திறக்கிறதுக்கு முதல், "ராத்தா, எல்லாம் தெரிஞ்சிட்டுத்தானே கயித்தப் புடிச்ச?" எண்டு கேட்டன்.

"ஓம்" எண்டா. "நீ படிச்சவ. உனக்கு ஒரு வழி பொறக்கும். எனக்கு அவர உட்டா ஆரு கா?" எண்டா.

புத்தகத்துல பெரிய எழுத்துல, பெற்றோல் மட்டும் எண்டு போட்டிருந்தான். வேற எது ஊத்தினாலும் என்ஜின் பழுதாகும் எண்டு அதுக்குக் கீழ.

"மண்ணெண்ணெய் ஊத்தலாம் எண்டு போட்டிருக்கு" எண்டு சொன்னன்.

"சரி கா, நீ சொன்னாச் சரிதான்" எண்டுட்டுப் போயிட்டா.

மெசின் கரும்புகை கக்கித் தும்மித் தும்மி நிண்டிச்சி. தண்ணி மெசின் திருத்துறவர் ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினார், பழைய மாதிரி ஓடவே இல்ல. நான் பொய் சொன்னது மச்சானுக்குத் தெரிய வந்தா வாய் நிறையக் கதைக்கிறதுக்கு எல்லாம் ஆயத்தமா வச்சிருந்தன். ஒண்டும் வரல்ல. ஒரு கிழமைக்குப் பொறகுதான் உம்மா சொன்னா, "நான்தான் பிழையாக் கேட்டுட்டன்" எண்டு ராத்தா மச்சான்கிட்டச் சொல்லிப் பழியத் தன்ட தலையில எடுத்துட்டாவாம். அதுல எனக்கு வந்த கோவம் வளவு போன அண்டைக்கும் வரல்ல. ஒரு சண்டை புடிக்கிற உரிமையக்கூட அவ எனக்கு உடல்ல.

மச்சான் கடைசியில திரும்பவும் சவூதிக்குப் போயிட்டார். வளவு குடுத்தும் போனார். எனக்குக் கலியாணம் நடந்தது ஆறு வருசத்துக்குப் பொறகு, இருந்தது அக்கரைப்பற்றுல வாடகை ஊட்டுல. எங்கட ஊர்ப் பொம்புளைக்கு அது எவ்வளவு பெரிய கொறை எண்டு எங்கட ஊராக்களுக்குச் சொல்லத் தேவல்ல.

பெருநாளைக்குப் பெருநாள் போவன். ராத்தா வாசல் பக்கத்துப் புல்லக் கையால புடுங்கி, மண்ணச் சுரண்டி, பழையபடி மணலாக்கிக் கூட்டி வச்சிருப்பா. வேலி இருந்த இடம் வரைக்கும்தான் கூட்டுவா, அதுக்கு அங்கால ஒரு நாளும் போகமாட்டா. அங்க புல்லு இடுப்பளவு நிக்கும். புதுசா ஊருக்கு வாற ஆக்கள் அதப் பார்த்துட்டு, இந்த வளவுக்குப் பொம்புள இல்லையா எண்டு கேப்பாங்க. ராத்தா என்னைப் பார்ப்பா. நான்தான் மறுமொழி சொல்லுவன், ஓம், பொம்புள இல்ல எண்டு.