வெடித்தது என்றால் போதாது

அவர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுபவர். பேசும்போதெல்லாம் இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். குக்கர் வெடித்ததில் அவர் மனைவிக்குப் போனதும் அந்தக் கண்தான். கடைக்காரர் மேல் அவருக்காக நான் போட்ட மனுவை நுகர்வோர் கோர்ட் திருப்பிவிட்டது. வெடித்தது என்றால் போதாதாம்; எந்தப் பாகத்தில் என்ன குறை என்று எழுத வேண்டுமாம்.

“அந்தக் குக்கரை எடுத்துட்டு வாங்க, இன்ஜினீயர்கிட்ட காட்டுவோம்” என்றேன்.

“அத கடையிலயே வாங்கிக்கினு புதுசு குடுத்துட்டாங்க சார். நல்ல மனுசன்னு கும்புட்டுட்டு வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“புதுசை என்ன பண்ணீங்க?”

“அதுலதான் சார் சோறு ஆக்குறோம். விசில் வர்றதுக்குள்ள அவ மட்டும் தெருவாண்ட போயி நின்னுக்குவா.”

இதை மனுவில் எந்தப் பத்தியில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.